கூத்துக்கு வந்த சிறுத்தை

ஒரு காட்டில், பிள்ளைகளே, தொண்டை இருந்தும் யாரும் பாடாத காலம் ஒன்று இருந்தது.

மலையடிவாரத்துக் காடு அது. நடுவில் ஒரு சுனை. கோடையிலும் வற்றாது. முன்பெல்லாம் பொழுது சாய்ந்தால் அந்தச் சுனைக்கரை சந்தை மாதிரி இரையும். மான்கள் வம்பு பேசும், குரங்குகள் கேலி செய்யும், குயில்கள் பாடும். பிறகு எங்கிருந்தோ ஒரு சிறுத்தை வந்து சேர்ந்தது. வந்த சில நாளில் ஒரு மான்குட்டியைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

காட்டுக்குத் தலைமை கடமான். எதற்கும் முன்ஜாக்கிரதையாக இருக்கும் குணம் அதற்கு. எல்லோரையும் கூப்பிட்டு இப்படிச் சொன்னது:

"நம்ம சத்தத்தைக் கேட்டுத்தான் அவன் வர்றான். இனிமே யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தனித்தனியா வாங்க, தண்ணியைக் குடிங்க, சத்தமில்லாம போய்ச் சேருங்க."

நல்ல எண்ணத்தில் சொன்ன பேச்சு. எல்லோரும் அப்படியே நடந்தார்கள். காடு ஊமையாகிவிட்டது. ஆனால் சுனைக்குப் போனவர்களில் யாராவது திரும்பாமல் போவது மட்டும் நிற்கவில்லை. முன்பைவிட அதிகமாயிற்று.

நொச்சி என்று ஒரு பெண் முயல். பயந்த சுபாவம். அதன் துணை ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போனது, வரவில்லை. என்ன ஆயிற்று என்று நொச்சிக்குத் தெரியவே பல நாள் ஆயிற்று. யாரும் யாரோடும் பேசாத காட்டில் யார் வந்து சொல்வார்கள்? துக்கம் கேட்கக்கூட ஒருவரும் வரவில்லை. பால்குடி மறக்காத குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நொச்சி புதருக்குள்ளேயே கிடந்தது.

கடைசியில் கடமான் முடிவு செய்தது. "இந்தக் காடு வேண்டாம். மொட்டைப்பாறையைத் தாண்டி வேறு காட்டுக்குப் போய்விடுவோம். நாளை மறுநாள் புறப்பாடு."

நொச்சி தயங்கித் தயங்கிக் கடமானிடம் போயிற்று.

"பெரியவரே, பாறையில புல்லும் கிடையாது, தண்ணியும் கிடையாதாமே. என் குட்டிங்க நடந்துருமா?"

கடமான் தரையைப் பார்த்தது. "நடக்க முடிஞ்சவங்க வரட்டும், நொச்சி. வேற என்ன சொல்ல?"

குட்டிகள் பாறையைத் தாண்டாது என்று நொச்சிக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மேற்கு மலையிலிருந்து ஒரு கரடி வந்தது. அது ஒரு கூத்துப் பைத்தியம். பலாப்பழம் தேடி ஊர் ஓரம் போகும்போதெல்லாம், மனிதர்கள் ஆடும் தெருக்கூத்தை வேலிக்குப் பின்னால் நின்று விடிய விடியப் பார்த்த கரடி. ஒரு உளுத்த மரத்துண்டை மத்தளமாகத் தட்டிக்கொண்டே வந்தது.

"எல்லாரும் போறதுன்னு முடிவாயிடுச்சா? அப்போ போறதுக்கு முன்னாடி ஒரு கூத்துப் போட்டுட்டுப் போவோம்," என்றது கரடி.

முள்ளம்பன்றிக்கு வாய் துடுக்கு. "ஆகா! சிறுத்தை சாப்பிடும்போது பின்னால மத்தளமும் இருந்தா நல்லாத்தான் இருக்கும்!" என்றது.

"வாய் நல்லா இருக்கே. நீதாண்டா சிறுத்தை வேஷம்," என்றது கரடி.

"நானா? என் உடம்பு பூரா முள்ளு!"

"வாழை இலையைச் சுத்திக் கட்டிப்புடுவோம். சேத்துல புள்ளி வச்சா முடிஞ்சுது."

கடமான் யோசித்தது. எப்படியும் போகப் போகிறோம், இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அதற்கும் தோன்றியது. "கடைசியா ஒரு தடவை. வெயில் தாழ்ந்ததும் ஆரம்பிச்சு, இருட்டுறதுக்குள்ள முடிச்சிடணும்," என்றது.

"கட்டியங்காரன் வேஷத்துக்கு ஆள் வேணும்," என்றது கரடி. "திரைக்குப் பின்னாலேர்ந்து யார் வந்தாலும் எதிரே போய் நின்னு, 'யார் நீங்க? எந்த ஊர்? உங்க பெருமை என்ன?'ன்னு கேக்கணும். வந்தவர் பதில் சொல்லித்தான் ஆகணும். சொல்லாம அடுத்த அடி வைக்கக் கூடாது. கூத்துல அதுதான் முறை."

நொச்சி மட்டும் மெல்லக் கேட்டது. "வர்றது ராஜாவா இருந்தா?"

"ராஜாகிட்டதான் நிறையக் கேக்கணும்."

"அவர் கோவிச்சுக்கிட்டா?"

"ஏன் கோவம்னு கேளு."

"அதுக்கும் கோவிச்சுக்கிட்டா?"

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ஆள் கிடைச்சாச்சு! நீதான் கட்டியங்காரன்."

ஒத்திகையில் நொச்சிக்கு முதலில் குரலே எழவில்லை. கரடி மத்தளத்தில் 'திம்' என்று ஒரு அடி கொடுக்கும். அதுதான் கேள்வி கேட்க வேண்டிய இடம். நொச்சி கேட்கும், காற்றுத்தான் வரும். "பரவாயில்ல, இன்னொரு தடவை," என்று மறுபடியும் 'திம்' போடும் கரடி. திரும்பத் திரும்பக் கேட்டதில் பயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. சேற்றுப் புள்ளிகளோடு வந்து நின்ற முள்ளம்பன்றியைப் பார்த்து, "யாரு ஐயா உங்களுக்கு இத்தனை பொட்டு வச்சு விட்டது?" என்று நொச்சியே சொந்தமாக ஒரு கேள்வி கேட்டது. கேட்டுவிட்டுச் சிரித்தது. துணை போன பிறகு அது சிரித்தது அன்றுதான்.

மறுநாள் வெயில் தாழ்ந்தது. தனித்தனியாக வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சுனைக்கரைக்கு வந்தார்கள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து மலைத்தார்கள்.

"அடியே, நீ இன்னும் இருக்கியா? நீ போயிட்டேன்னு நினைச்சேனே!"

"இது உன் பிள்ளையா? இவ்வளவு வளர்ந்துட்டானே!"

"நொச்சி, உன் வீட்டுக்காரர் போனது இப்பத்தான் தெரியும். கேக்கவே முடியலையே, தாயி."

கூத்து தொடங்கும் முன்பே சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இரண்டு குரங்குகள் கொடியில் பின்னிய திரையைப் பிடித்தன. கரடி மத்தளத்தைத் தட்டியது. திரை விலகியதும் இலை சுற்றிய முள்ளம்பன்றி துள்ளி வந்து நின்றது.

"வந்தவர் யாரோ? எந்த ஊரோ? உங்கள் பெருமை என்னவோ?" என்று கேட்டது நொச்சி.

"நான்தான் சிறுத்தை! பசிச்சா பாய்வேன்! பாய்ஞ்சா விழுவேன்! விழுந்தா உக்காந்து அழுவேன்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிறுத்தையை நினைத்துச் சிரிக்க முடியும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

ஆனால் நிஜமான சிறுத்தை அங்கேதான் இருந்தது. வழிக்கு மேலே நாவல் மரக்கிளையில் படுத்து, எதைத் தூக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குத் தற்பெருமை அதிகம். முள்ளம்பன்றியின் பேச்சைக் கேட்டதும் பசியைக்கூட மறந்துவிட்டது. ஒரே குதியாகக் குதித்துக் களத்தின் நடுவே வந்து நின்றது.

"நிறுத்துங்கடா! நானா விழுவேன்? நானா அழுவேன்?"

முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்து வாழை இலை தாறுமாறாகக் கிழிந்தது. அப்படியே உருண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டது. மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். களத்தில் நொச்சி மட்டும் தனியாக. முன்வரிசையில் அதன் குட்டிகள்.

கரடியின் கை பதற்றத்தில் மத்தளத்தில் விழுந்தது. 'திம்!'

நொச்சியின் கால்கள் ஓடத்தான் பார்த்தன. ஆனால் வாய் பழகிய பழக்கத்தில் திறந்துகொண்டது.

"வந்தவர் யாரோ? எந்த ஊரோ? உங்கள் பெருமை என்னவோ?"

சிறுத்தை திகைத்தது. அதைக் கண்டவர்கள் எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். நின்று ஒரு கேள்வி கேட்டவர் ஒருவரும் இல்லை.

"என் பெருமை உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்களே. உங்களை நின்னு பார்த்தவங்க யாரு இருக்காங்க? அதனாலதான் ஆட்டம் தப்பாப் போச்சு. நீங்களே சொன்னீங்கன்னா சரியா ஆடுவோம்."

சிறுத்தை மீசையை நக்கிக்கொண்டது. "அப்படிக் கேளு. அதோ அந்த நாவல் மரம்தான் என் இடம். தண்ணி குடிக்க வர்றவன் எவனும் தலையைத் தூக்கி மேலே பார்க்கறதில்ல."

"நாங்க மூச்சு விடற சத்தம்கூட இல்லாமத்தானே வர்றோம்? எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

சிறுத்தை சிரித்தது. "பைத்தியமே, சத்தம்தான் எனக்கு எதிரி! நான் வந்த புதுசுல பட்டினிதான் கிடந்தேன். ஒரு குரங்கு பார்த்துட்டா போதும், கத்தும். காடு பூரா திரும்பிப் பார்க்கும். எல்லாரும் பார்த்த பிறகு பதுங்கி என்ன பிரயோசனம்? அப்புறம் எந்த மகராசன் சொன்னானோ, எல்லாரும் வாயை மூடிக்கிட்டீங்க. அன்னையிலேர்ந்து எனக்கு விருந்துதான். ஒருத்தனைத் தூக்கினா பக்கத்துப் புதருக்குக்கூடத் தெரியறதில்ல!"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கடமானின் தலை தாழ்ந்தது.

நொச்சிக்குத் தன் துணையின் நினைவு வந்தது. ஆனாலும் கேள்வியை விடவில்லை.

"பாய்ச்சல் தப்பிப்போச்சுன்னா துரத்துவீங்களா?"

"துரத்தறதா? நான் என்ன ஓநாயா? பாய்ச்சல் தப்பினா மூச்சு வாங்கும், விட்டுருவேன். ஆனா தப்பாது!"

"அந்தப் பாய்ச்சலை ஒரு தடவை காட்டுறீங்களா? முள்ளம்பன்றி பார்த்துக் கத்துக்கட்டும்."

"யார் மேலே பாயறது?"

"என் மேலேதான்."

"அடி பாவி," என்று முனகியது கரடி.

சிறுத்தை மிடுக்காக நடந்துபோய் நாவல் மரத்தில் ஏறியது. கிளையோடு கிளையாகப் படுத்தது. நொச்சி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி உரக்கக் கேட்டது.

"சபையோரே! சிறுத்தை எங்கே?"

ஒருவரும் பேசவில்லை. அத்தனை காலம் பூட்டிக் கிடந்த தொண்டைகள் ஆயிற்றே. நொச்சி மறுபடியும் கேட்டது. "எங்கே?"

முன்வரிசையிலிருந்து ஒரு முயல்குட்டி கீச்சென்று கத்தியது. "அதோ! மரத்து மேலே!"

அவ்வளவுதான். குரங்கு கத்தியது, மயில் அகவியது, மான்கள் கனைத்தன. "அதோ! அதோ!"

"ஏய், பார்க்காத மாதிரி இருங்கடா!" என்று சிறுத்தை எரிச்சலோடு இறங்கிப் புதருக்குள் நுழைந்தது.

"அதோ! வால் தெரியுது!"

சிறுத்தைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புதரைக் கிழித்துக்கொண்டு நொச்சி மேல் பாய்ந்தது. வரும் திசையைத்தான் காடே கத்திச் சொல்லிவிட்டதே! நொச்சி பக்கவாட்டில் ஒரு துள்ளுத் துள்ளியது. சிறுத்தை சுனைச் சேற்றில் தொப்பென்று விழுந்தது. எழுந்து நின்று மூச்சு வாங்கியது.

சுற்றிலும் பார்த்தது. காட்டெருமைகள் தோளோடு தோள் சேர்ந்து முன்னால் வந்து நின்றன. மான், குரங்கு, பன்றி, அணில் எல்லோருடைய கண்ணும் அதன் மேலேயே இருந்தது. ஒருவரும் ஓடவில்லை. இப்போது சிறுத்தைதான் ஒரு அடி பின்னால் வைத்தது.

"நான்... இன்னொரு நாள் வர்றேன்," என்றது.

"சொல்லிட்டு வாங்க, நல்ல புள்ளி வச்சு ஆடறோம்!" என்றது திரைக்குப் பின்னால் இருந்த முள்ளம்பன்றி.

அதன்பிறகும் சிறுத்தை சில நாள் முயன்று பார்த்தது. எங்கே படுத்தாலும் யாராவது பார்த்துக் குரல் கொடுத்தார்கள். பசி தாங்காமல் ஒரு காலையில் மொட்டைப்பாறையைத் தாண்டி அதுவே போய்விட்டது.

காட்டை விட்டுப் போகும் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

நொச்சி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கரடியைத் தேடிப் போயிற்று. கரடி புற்றைக் கிளறிக் கறையான் தின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, இதுங்க இன்னைக்கு உயிரோட துள்ளுதுன்னா அது உங்களாலதான். எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலண்ணே."

கரடிக்கு வெட்கமாகப் போயிற்று. "கேள்வியெல்லாம் கேட்டது நீயில்லையா?"

"கேக்கலாம்னு எனக்கு யாரு சொன்னது?"

கரடி காதைச் சொறிந்துகொண்டது. "கூத்துக்காரனுக்கு நன்றி சொல்லணும்னா ஒரே வழிதான் உண்டு, தங்கச்சி. நாளைக்கும் கூத்து இருக்குன்னு நாலு பேருக்குச் சொல்லு."

நொச்சி ஓடியது. குட்டிகள் பின்னாலேயே ஓடின. "நாளைக்குக் கூத்து! எல்லாரும் வாங்க!" என்று புதருக்குப் புதர் கூவிக்கொண்டே போயிற்று.

"வர்றோம்!" என்று மூங்கில் காட்டிலிருந்து ஒரு குரல். "நாங்களும்!" என்று பாறை இடுக்கிலிருந்து இன்னொன்று. மரத்துக்கு மரம் குரல் எழுந்தது.

வழியில் கடமான் நின்றுகொண்டிருந்தது. சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டது. "நொச்சி, எனக்கும் ஒரு வேஷம் கிடைக்குமா?"

நொச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வாங்க, பெரியவரே," என்றது.

நீதி: ஒன்றுகூடி ஆடிப் பாடுகிறவர்களுக்குக் கேள்வி கேட்கும் துணிச்சல் வரும், அந்தத் துணிச்சல் எல்லோரையும் காக்கும்.