பாதைக்குத் தெளித்த தண்ணீர்

ஒரு காட்டில் மழை ஒரு பக்கம் மட்டும்தான் பெய்யும். காட்டின் நடுவே உயரமான மலை ஒன்று நின்றது. மேற்கே இருந்து வரும் மேகங்கள் அந்த மலையில் முட்டும், அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அதனால் மேற்குச் சரிவில் ஆறு ஓடியது. சிங்கராஜாவின் குகையும் அங்கேதான் இருந்தது. கிழக்குச் சரிவில் உடைமரமும் கள்ளியும் புழுதியும் இருந்தன. குடிக்க ஒரே ஒரு குட்டை இருந்தது.

குழந்தைகளே, கிழக்குச் சரிவு விலங்குகளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. மலையில் ஒரு கணவாய் உண்டு. அதன் வழியே வாய்க்கால் வெட்டினால் ஆற்றுத் தண்ணீர் இந்தப் பக்கமும் வரும். அவ்வளவுதான். அங்கே எந்தப் பேச்சும் 'வாய்க்கால் வந்ததும்' என்றுதான் ஆரம்பிக்கும். வாய்க்கால் வந்ததும் கரையில் நாவல் மரம் வைக்கலாம். வாய்க்கால் வந்ததும் மேற்கே பிழைக்கப் போன பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்கள்.

முன்பு ஆண்ட புலிராஜா வந்து வாய்க்காலுக்கு ஓர் அடிக்கல் நாட்டினார். அவருக்குப் பின் வந்த கரடிராஜா, தன் பங்குக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு கல் நாட்டினார். இரண்டு கற்களும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தன. வாய்க்கால்தான் வரவில்லை.

தங்கள் குறையை அரசவையில் போய்ச் சொல்ல, கிழக்குச் சரிவு விலங்குகள் ஓர் ஓணானைத் தேர்ந்தெடுத்திருந்தன. யார் எதைச் சொன்னாலும் ஓணான் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டும். "நாம் சொல்வதை இவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறவர் வேறு யார் இருக்கிறார்?" என்று எல்லா விலங்குகளும் ஒருமனதாகச் சொன்னதால் அதற்கு அந்தப் பதவி.

கோடையில் ஒரு நாள் ஓணான் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"சிங்கராஜா நாளைக்கு நம் பக்கம் வருகிறார்! வாய்க்காலுக்கு அடிக்கல் நாட்டப் போகிறார்!"

"மறுபடியுமா?" என்றது முன்கோபம் கொண்ட காட்டுப்பன்றி. "ஏற்கெனவே இரண்டு கல் கிடக்கிறதே. அதில் ஒன்றை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வெட்ட ஆரம்பிக்கச் சொல்லு!"

"அதெல்லாம் பழைய ராஜாக்களின் கல். இந்த ராஜாவுக்கு அது கணக்கில் வராது" என்றது ஓணான். "இந்தத் தடவை நிச்சயம். ஆனால் ஒரு விஷயம். ராஜாவுக்குப் புழுதி ஆகாது. போன வருஷம் வடக்குச் சரிவுக்குப் பாலம் போட்டுக் கொடுக்கத்தான் போனார். பிடரியில் புழுதி படிந்ததும் ஒரு தும்மல் போட்டார். அப்படியே திரும்பி நடந்துவிட்டார். பாலமும் போச்சு."

எல்லா விலங்குகளும் தங்கள் பாதையைத் திரும்பிப் பார்த்தன. கணவாயிலிருந்து அவை கூடும் திடல் வரைக்கும் குளம்பு புதைகிற அளவுக்குப் புழுதி கிடந்தது.

எதையும் ஜோடித்துப் பார்க்க ஆசைப்படும் குரங்கு முன்னால் வந்தது. "இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போடுவார்களா? தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கிவிடும். அப்புறம் ஒரு தோரணம், ஒரு வளைவு, பூமாலை. ஜமாய்த்துவிடலாம்!"

"எந்தத் தண்ணீரைத் தெளிப்பாய்?" என்று குட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அங்கே குடியிருக்கும் பிடிவாதக்கார ஆமைதான் கேட்டது.

"எத்தனை குட்டை இருக்கிறது, மாமா? இந்தத் தண்ணீரைத்தான்."

"தண்ணீர் கொண்டு வருகிறேன் என்கிறவருக்கு, இருக்கிற தண்ணீரைக் கொட்டி வரவேற்பா? உனக்கு மூளை இருக்கிற இடத்தில் என்ன இருக்கிறது?"

"பாருங்கள், பாருங்கள்! நல்ல காரியம் ஒன்று நடந்தால் மாமாவுக்குப் பொறுக்காதே!" என்று குரங்கு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தது. சில விலங்குகளும் சேர்ந்து சிரித்தன.

சாதுவான புள்ளிமான் ஒன்று மெல்ல யானையின் பக்கத்தில் வந்தது. அதற்கு நிறைமாதம்.

"அண்ணே, குட்டையில் இருப்பது மழை வருகிற வரைக்கும்தான் காணும். தீர்ந்துபோனால் கணவாய் ஏறி ஆற்றுக்குத்தான் போக வேண்டும். இந்த வயிற்றோடு என்னால் ஏற முடியாது. பிள்ளை தங்காது" என்றது.

யானை நல்ல உழைப்பாளி. ஒரு வேலையைச் சொன்னால் எதற்கு, ஏன் என்று கேட்காது. "கவலைப்படாதே, தங்கச்சி. ஒரு தடவை தெளிக்கிறதுக்கு எவ்வளவு ஆகிவிடும்? வாய்க்கால் வந்துவிட்டால் அப்புறம் இந்தக் குட்டையை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?" என்றது.

மான் குட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்தது. அதற்கும் வாய்க்கால் வேண்டும்தான்.

விடிந்ததும் யானை குட்டையில் துதிக்கையை விட்டது. உறிஞ்சியது, பாதை நெடுகத் தெளித்தது. புழுதி அடங்கியது. எல்லா விலங்குகளும் வரிசையில் நின்று காத்திருந்தன. வெயில் ஏறியது. ராஜா வரவில்லை. அரசவை மைனாதான் வந்தது.

"ராஜாவுக்கு நேற்றுத் தின்றது செரிக்கவில்லை. நாளைக்கு வருவார்."

நண்பகலுக்குள் பாதை பழையபடி காய்ந்துவிட்டது. மறுநாள் யானை மறுபடியும் தெளித்தது. மறுபடியும் மைனா வந்தது.

"குகைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வீடு. விடமாட்டேன் என்கிறார்கள். நாளைக்குக் கட்டாயம்."

அடுத்த நாள் யானை குட்டைக்குப் போனபோது ஆமை கரையை மறித்துக்கொண்டு நின்றது.

"என்னைத் தாண்டித்தான் நீ போக வேண்டும்."

யானை அதைப் பூப்போலத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இறங்கியது. ஆமை ஊர்ந்து வந்து மறுபடியும் மறித்தது. யானை மறுபடியும் தூக்கி வைத்தது. "கோபித்துக்கொள்ளாதீர்கள், மாமா. வேலை கிடக்கிறது" என்று ஒவ்வொரு தடவையும் மரியாதையாகச் சொன்னது.

அன்றைக்கு மைனா வேறு செய்தி கொண்டுவந்தது. "தெற்குச் சரிவு முயல்கள் ராஜாவின் குகை வாசலில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் பக்கமும் தண்ணீர் இல்லை, வாய்க்காலை எங்களுக்கு வெட்டுங்கள் என்கின்றன. ராஜா கேட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக்கு வருவார்."

இதைக் கேட்டதும் கிழக்குச் சரிவே கொதித்துப்போனது.

"நம் வாய்க்காலைக் கொண்டுபோகப் பார்க்கிறார்களா? நாளைக்கு ராஜா அசந்து போகிற மாதிரி செய்ய வேண்டும். ஒரு துகள் புழுதி பறக்கக் கூடாது!" என்றது குரங்கு.

ஓணான் தலையாட்டியது. இந்தத் தடவை காட்டுப்பன்றியும் சேர்ந்து தலையாட்டியது.

மறுநாள் யானை பாதையை நனைத்தது மட்டுமல்ல, திடல் முழுவதையும் நனைத்தது. குட்டையில் கடைசியாக உறிஞ்சியபோது துதிக்கையில் பாதி சேறுதான் வந்தது. ஆமையின் முதுகு, கழுத்து, கண் எல்லாம் சேறு. அது கரையேறி நின்றது.

"ரொம்ப நல்லதாகப் போயிற்று. இதே கோலத்தில் போய் ராஜாவின் எதிரே நிற்கிறேன். எங்கள் குட்டை இப்படித்தான் இருக்கிறது என்று சொல்கிறேன்" என்று திடலை நோக்கி ஊர ஆரம்பித்தது.

குரங்கு பதறி ஓடி வந்தது. "மாமா, மாமா! வீட்டுக்கு விருந்தாளி வருகிற நேரத்தில் இப்படியா நிற்பது? நம் மானம் என்ன ஆவது?" என்று அதைப் புரட்டி மல்லாத்தி, வளைவுக்குப் பின்னால் தள்ளி, மேலே தேக்கிலைகளைப் போட்டு மூடியது. பிறகு வரிசையைச் சரி பார்த்தது. "கொழுத்தவர்கள் எல்லாம் முன்னால் வாருங்கள். விலா எலும்பு தெரிகிறவர்கள் பின்னால் போங்கள். மான் அக்கா, நீங்களும்தான். ராஜா எப்போது பேச்சை நிறுத்தினாலும் எல்லோரும் ஆரவாரம் செய்ய வேண்டும். ஞாபகம் இருக்கட்டும்!"

சிங்கராஜா வந்தார்.

கணவாய் தாண்டி முதல் அடி வைத்ததும் நின்றார். பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். இன்னோர் அடி வைத்தார். முகம் மலர்ந்தது. திடல் வரைக்கும் ஒரு தும்மல் இல்லை. மாலையை வாங்கிக்கொண்டு மேடைப் பாறையில் ஏறினார்.

"கிழக்குச் சரிவு மக்களே! உங்கள் பக்கம் ஒரே வறட்சி, ஒரே புழுதி என்று இத்தனை நாள் என்னிடம் சொல்லி வந்தார்கள். இன்றைக்கு நேரில் பார்த்துவிட்டேன். அத்தனையும் பொய்!"

ராஜா நிறுத்தினார். எல்லா விலங்குகளும் ஆரவாரம் செய்தன.

"என் குகை வாசலில்கூட இப்படித் தண்ணீர் தெளிப்பதில்லை. நடக்கிற பாதைக்கே இவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்றால், குடிக்க எவ்வளவு வைத்திருப்பீர்கள்! இங்கே நிற்கிறவர்களும் எவ்வளவு வாட்டசாட்டமாக இருக்கிறார்கள்! இல்லையா, ஓணானே?"

"ஆமாம், ஆமாம்" என்று ஓணான் தலையாட்டியது.

"தெற்குச் சரிவு முயல்கள் பாவம், நாக்கு வறண்டு வந்து என் வாசலில் கிடக்கின்றன. ஆகவே வாய்க்காலை அந்தப் பக்கம் திருப்பிவிட முடிவு செய்கிறேன். இல்லாதவர்களுக்காக நீங்கள் இதை விட்டுக்கொடுக்கிறீர்கள். உங்கள் பெருந்தன்மையைப் பாராட்டுகிறேன்!"

ராஜா நிறுத்தினார்.

"ராஜா! அது எங்கள் குட்டைத் தண்ணீர், கடைசித் தண்ணீர்..." என்று காட்டுப்பன்றி கத்தியது. ஆனால் ராஜா பேச்சை நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் பழகிப் போயிருந்ததே. முன்வரிசை போட்ட ஆரவாரத்தில் பன்றியின் குரல் அதற்கே கேட்கவில்லை. பின்வரிசையில் இருந்த மான் எக்கி எக்கிப் பார்த்தது. அதற்கு முன்னால் நின்றவர்களின் முதுகுகள்தான் தெரிந்தன.

"நாட்டக் கொண்டுவந்த அடிக்கல்லை என்ன செய்வது, மகாராஜா?" என்று மைனா கேட்டது.

"தெற்கே எடுத்துவரச் சொல். இங்கே நல்ல யானை ஒன்று நிற்கிறதே."

யானை கல்லைத் தூக்கிக்கொண்டு ராஜாவின் பின்னால் நடந்தது.

ராஜா கண் மறைந்ததும் எல்லா விலங்குகளும் ஓணானைச் சூழ்ந்துகொண்டன.

"எங்களுக்காகப் பேசத்தானே உன்னை அனுப்பினோம்? அவர் சொன்னதற்கெல்லாம் ஏன் தலையாட்டினாய்?"

"நீங்கள் சொன்னபோதும் ஆட்டினேன், அவர் சொன்னபோதும் ஆட்டினேன். யாருக்காவது குறை வைத்தேனா?" என்றது ஓணான்.

"அப்படியானால் எங்களுக்கு இனி என்ன வழி?" என்று பன்றி உறுமியது. "எங்காவது போய்த் தொலையுங்கள் என்று நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே!"

"ஆமாம், ஆமாம்" என்று ஓணான் அதற்கும் தலையாட்டிவிட்டு ஒரு பொந்துக்குள் புகுந்துகொண்டது.

மான் தேக்கிலைகளை விலக்கி, மூக்கால் நெம்பி, ஆமையை நிமிர்த்திவிட்டது. இரண்டும் குட்டைக்குப் போய்ப் பார்த்தன. சேறு அதற்குள் ஓரங்களில் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"நீ இன்றைக்கே கிளம்பு. வெயில் தாழ்ந்ததும் ஏறு. நாளைக்கு இதைவிட முடியாமல் போகும்" என்றது ஆமை.

"நீங்கள் வரவில்லையா, மாமா?"

"என் நடைக்கு நான் ஆற்றங்கரை சேர்வதற்குள் மழையே வந்துவிடும். நான் சேற்றுக்குள் புதைந்துகொள்கிறேன். பார்க்கலாம்."

மான் கிளம்பியது. காட்டுப்பன்றி துணைக்கு முன்னால் போனது. அது இயல்பில் வேகமாக நடக்கிற பிராணி. அன்று மானுக்காக அடிக்கொரு தரம் நின்று, மண்ணை முகர்வதுபோல் பாசாங்கு செய்துகொண்டு நின்றது. மான் பத்தடி ஏறும், நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடி ஏறும்.

கணவாயின் பாதியில், தெற்கிலிருந்து வந்து சேரும் பாதை வழியே தெற்குச் சரிவு முயல் ஒன்று துள்ளி வந்தது. எதிலும் அவசரம் அதற்கு.

"அக்கா, நீங்கள் கிழக்குச் சரிவுதானே? நாளைக்கு ராஜா எங்கள் பக்கம் கல் நாட்ட வருகிறார்! உங்கள் வரவேற்பைப் பற்றித்தான் அங்கே பேச்சு. பாதை முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தீர்களாமே? எப்படித் தெளித்தீர்கள் என்று கேட்டு வரத்தான் என்னை அனுப்பினார்கள். எங்களிடம் ஓர் ஊற்று இருக்கிறது. சின்னதுதான். ஆனாலும் இறைத்தால் ஒரு பாதைக்குக் காணும்."

மான் அவ்வளவு நீளமாக அதற்கு முன் யாரிடமும் பேசியதில்லை.

"இறைக்காதே, தம்பி. ஒன்றுமே செய்யாதீர்கள். புழுதி கிடந்தால் கிடக்கட்டும். ராஜா தும்மட்டும். உங்களில் யார் மெலிந்திருக்கிறார்களோ அவர்களை முன்னால் நிறுத்துங்கள். ஊற்று எவ்வளவு சின்னது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயாவது காட்டுங்கள். என்னைப் பார். நான் ஏன் இந்த நேரத்தில் மலை ஏறுகிறேன் என்று கேள்."

முயல் மானையும் அதன் வயிற்றையும் ஒரு தடவை பார்த்தது. பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு சிரித்தது.

"உங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற வயிற்றெரிச்சல், அக்கா. புரிகிறது. என்ன செய்வது!"

அது வந்த வழியே பாய்ந்து இறங்கியது. கீழே போய்த் தன் கூட்டத்தைப் பார்த்து அது கத்தியது மேலே வரைக்கும் கேட்டது.

"ஊற்றை இறைக்க ஆரம்பியுங்கள்! பாதையை நல்லா நனைக்க வேண்டும்!"

"வா, தங்கச்சி" என்றது காட்டுப்பன்றி. மான் அடுத்த அடியை எடுத்து வைத்தது.

நீதி: இல்லாததை இருப்பதாகக் காட்டி வரவேற்றால், கேட்டதும் கிடைக்காது, இருந்ததும் போய்விடும்.