அலமாரியில் இருந்த குழாய்

குழாயில் அடைத்த நிக்கல் தூளில் ஹைட்ரஜன் புகுந்தால் அணுக்கள் இணைந்து வெப்பம் பிறக்கும் என்பது ஆய்வுக்கூடத் தலைவர் சபாரத்தினத்தின் முடிந்த முடிவு. குழாயைச் சுற்றிய மின்கம்பிச் சுருள்தான் அதைச் சுடவைக்கிறது என்று, கருவிகளைத் துடைக்கும் செங்கமலம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"அப்படியா, அம்மணி? நாளைக்குள் நிக்கல் இல்லாமல் சூடேற்றிக் காட்டு. இல்லையேல் வேலையை விட்டுப் போ."

மறுநாள் சோதனையைக் காண வந்த விருந்தினர் சூழ நின்றனர். மேசைமேல் குழாய் செக்கச்செவேலெனக் கனன்றது. தலைவர் அதைச் சுட்டிக்காட்டி நிக்கலின் மகிமையை நெடுநேரம் விளக்கினார்.

செங்கமலம் மின்சாரத்தை நிறுத்தி, இடுக்கியால் மூடியைத் திறந்து, குழாயைக் கவிழ்த்தாள். ஆற்றுமணல் கொட்டியது.

"நீங்கள் கேட்டபடி நிக்கல் இல்லாமல் சூடேற்றிவிட்டேன், ஐயா. விளக்கத்தையும் நீங்களே தந்துவிட்டீர்கள்."

சிரிப்பு எழுந்தது. "என் நிக்கல் எங்கே?" என்று உறுமினார் தலைவர்.

"ஹைட்ரஜனோடு வேறொரு குழாயில் அடைத்து நேற்றே அலமாரியில் வைத்துவிட்டேன். அதற்குக் கம்பிகூட இணைக்கவில்லை."

அலமாரியைத் திறந்தார்கள். முகத்தில் அனல் அறைந்தது. குழாயின் அடியில் விரித்திருந்த தாள் கருகிக் கிடந்தது. கம்பி ஏதேனும் இருக்கிறதா என்று செங்கமலம் குனிந்து தேடினாள்; ஒன்றுமில்லை.

"வேலை உங்களுக்குத்தான்," என்றார் தலைவர், ஓரடி பின்வாங்கி. "அதை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள், அம்மா."

செங்கமலம் இடுக்கியை அவர் கையில் வைத்தாள்.

"அதன் சூட்டை விளக்கத் தெரிந்தவர் நீங்கள்தானே, ஐயா. நீங்களே எடுங்கள்."