ஏசாயாவுக்கு ஓடு போட்ட கதை

குஞ்சிதபாதத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அரண்மனை வைத்தியர் வீட்டில். வைத்தியர் கஷாயத்தை நீட்டி, "இதைக் குடித்தால் நூறு வயது இருப்பீர்" என்றார். "நீரும் ஒரு வாய் குடியும். தொண்ணூற்றொன்பதில் எனக்கு ஏதாவது ஆனால் உம்மைத்தானே வந்து கேட்க வேண்டும்?" என்றார் இவர். மறுநாள் போய்விட்டார்.

ராஜா சபையில் அவருக்கென்று தனி வேலை கிடையாது. பேசுவதுதான் வேலை. கதவுக் காவலில் நின்று நான் கேட்டவற்றில் இது ஒன்று.

எங்கள் சமஸ்தானத்துத் துறைமுகத்தில் எட்டு யூதக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுடைய ஜெபாலயத்துக் கூரை ஒழுகியது. உள்ளே இருந்தவை தோலில் எழுதிய வேதச் சுருள்கள். நனைந்தால் போயிற்று. மழைக்காலம் நெருங்கவே, அவர்களில் மூத்தவரான நெகேமியா ராஜாவிடம் ஓடு கேட்டு வந்தார்.

பேஷ்கார் ஞானாதிக்கம் குறுக்கே விழுந்தார். ராஜாவுக்கு அடுத்த அதிகாரி அவர், கிறிஸ்தவர்.

"மகாராஜா, அவர்களுடையது பழைய ஏற்பாடு. எங்களுடையது புதிய ஏற்பாடு. புதியது வந்தபின் பழையதற்கு ஓடு எதற்கு? இடித்துவிட்டு இடத்தை எங்கள் கிறிஸ்தவ சபைக்குக் கொடுங்கள். சபையின் சார்பில் கேட்கிறேன்."

ராஜா குஞ்சிதபாதத்தைப் பார்த்தார். "ஓய், நீர் என்ன சொல்கிறீர்?"

"பேஷ்கார் ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒரே சந்தேகம். புதியது உண்மை என்று எப்படித் தெரியும்?"

"எல்லாம் முன்பே சொல்லப்பட்டது, ஐயா!" என்றார் பேஷ்கார். "எங்கள் ஆண்டவர் பிறக்கப் போகிற ஊரை மீகா தீர்க்கதரிசி சொன்னார். அவர் படப்போகிற பாடுகளை ஏசாயா தீர்க்கதரிசி சொன்னார். பல நூறு வருஷத்துக்கு முன்னால்!"

"எந்தப் புத்தகத்தில்?"

"பழைய ஏற்பாட்டில். எங்கள் புத்தகத்திலேயே முன்பகுதியாக இருக்கிறது."

"உங்கள் புத்தகத்திலா? நடந்த பிறகு நீங்களே எழுதிச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று நாளைக்கு எவனாவது சொல்வானே!"

பேஷ்காருக்கு முகம் சிவந்தது. "எவன் சொல்வான்? எங்களை ஒப்புக்கொள்ளாத இவர்களே அதை எழுத்து மாறாமல் வைத்திருக்கிறார்கள். சந்தேகப்படுகிறவன் இவர்கள் சுருளைப் போய்ப் பார்க்கட்டும்! இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

"சாட்சி என்றா சொன்னீர்கள்?"

"சாட்சிதான்! சபையின் சார்பில் ஆயிரம் தடவை சொல்வேன்."

நெகேமியா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எங்கள் வீட்டில் இருக்கும்போது ஏசாயா அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை" என்றார்.

"சாட்சி என்ன சொன்னார் என்பது வேறு வழக்கு, பெரியவரே. எங்கே தங்குவார் என்பதுதான் இன்றைய வழக்கு" என்று அவரை அடக்கிவிட்டு, குஞ்சிதபாதம் ராஜா பக்கம் திரும்பினார். "மகாராஜா, நம் நீதிக் கச்சேரி வழக்கப்படி, சாட்சியைக் கூப்பிட்டவர்தான் தீர்ப்பு வரும்வரை அவருக்குச் சோறும் கூரையும் தர வேண்டும். போன மாதம் ஒரு குடியானவன் தன் சாட்சியை வெயிலில் படுக்கவிட்டான் என்று பேஷ்கார் ஐயாவே அபராதம் போட்டார். மீகாவுக்கும் ஏசாயாவுக்கும் சோறு வேண்டாம். கூரை போதும்."

பேஷ்கார் கடைசியில், "சரி, இந்த ஒரு மழைக்குச் சபை ஓடு போடும்" என்றார்.

"ஒரு மழைக்கா? தீர்ப்பு வரும்வரை, ஐயா."

"அது எப்போது வரும், ஓய்?" என்றார் ராஜா.

"எனக்கென்ன தெரியும், மகாராஜா? ஞாயிறுதோறும் இவர்கள் சபையில்தான் சொல்கிறார்கள். உலகம் முடிகிற அன்றைக்காம்."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை நழுவியது. அதையே எடுத்துக் குஞ்சிதபாதத்தின் தலையில் வைத்தார்.

நெகேமியாவின் பேரப்பிள்ளைகள் சுருள்களை எடுத்துக்கொண்டு கப்பலேறிப் போய்விட்டார்கள். சமஸ்தானமும் போய்விட்டது. இந்த வருஷமும் மழைக்கு முன்னால் சபையார் வந்து ஜெபாலயத்துக்கு ஓடு மாற்றினார்கள்.