இன்னும் ஒரு சுற்று

“வண்டி வளைவுல துள்ளுதுங்க, டீச்சர். இன்னும் இறக்கிக் கொடுங்க.”

கேட்டவன் தனபாலன். மலைப்பாதைப் பந்தயக்காரன். வயது முப்பத்தாறு. கையில் வேகம் உண்டு. சொன்னதைக் கேட்கும் காது கிடையாது.

டீச்சர் என்றால் ரங்கநாயகி. அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். அதை விட்டுவிட்டு வண்டிகளின் அடியில் படுக்க வந்தாள். டீச்சர் என்ற பெயர் மட்டும் கூடவே வந்தது.

மூன்று வருஷமாக தனபாலன் அவள் பின்னால் திரிகிறான். கேள்வி கேட்பான். அவள் பதில் சொல்வது அபூர்வம்.

மலையடிவாரம். சனிக்கிழமை மதியம். பந்தயம் மறுநாள் காலை. ஒத்திகைக்காகப் பாதையை மூடியிருந்தார்கள். திறக்க இன்னும் ஒரு மணி நேரம்தான்.

“இன்பராஜ் எங்கே?” என்றாள்.

இன்பராஜ் அவன் மச்சினன். இடது சீட்டில் உட்கார்ந்து அடுத்த வளைவு என்ன என்று வாசித்துச் சொல்பவன். அவன் இல்லாமல் நாளைக்கு வண்டியைப் புறப்படும் கோட்டில் நிறுத்தவே விடமாட்டார்கள்.

காலை ஓட்டம் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி பானெட் மேல் வைத்துவிட்டுப் போனவன், டீக்கடையை விட்டு எழவில்லையாம். இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்கிறானாம். அக்கா புருஷன் என்கிற மரியாதைகூட இல்லையாம். தனபாலன் பொரிந்து தள்ளினான்.

அவள் காரைச் சுற்றி வந்தாள். இரண்டே சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகக் கிடந்தது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை.

“எவ்வளவு இறக்கியிருக்க?”

முதலில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினானாம். வண்டி இரண்டு விரல் இறங்கியது. சாய்வது குறைந்தது, நேரமும் குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு சுற்று. அதற்கப்புறம்தான் இந்தத் துள்ளல்.

“அதனால இன்னும் ஒரு சுற்று?”

“ஆமாங்க. உசரம் மிச்சம் இருக்கு. அதான் துள்ளுது.”

அவள் மட்கார்டில் இரண்டு கையையும் ஊன்றினாள். உடம்பின் பாரம் மொத்தத்தையும் போட்டு அழுத்தினாள். வண்டி ஒரு நூல் இறங்கி டக்கென்று நின்றது.

“பார்த்தீங்களா, கல்லு மாதிரி நிக்குது” என்றான். பெருமை.

அவள் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். ஸ்பிரிங் முழுக்க அமுங்கிவிட்டால் கடைசி இடியை வாங்க ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அது நசுங்கி, ஓரம் பிய்ந்து, பாதியாகியிருந்தது.

எழுந்தாள். கையைத் துடைத்தாள்.

“நேரமாகுதுங்க. வெட்டுவீங்களா, மாட்டீங்களா?”

“வெட்டுறேன். சாவியைக் கொடு.”

“எதுக்குங்க?”

“நான் ஓட்டுறேன். நீ அந்தப் பக்கம் உட்காரு.”

அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தேடினான்.

எட்டு வளைவுகள் ஒன்றுமில்லாமல் போயின. அவன் ஓட்டும் வேகத்தில் முக்கால்கூட இல்லை. இன்னும் அழுத்தலாமே என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். அவள் அழுத்தவில்லை. பள்ளத்தாக்கு இடது பக்கம். சாய்ந்து பார்த்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஒன்பதாவது வளைவு வலது பக்கம் திரும்புவது. நட்ட நடுவில், ஒட்டுப் போட்ட தார் மேடு.

வண்டி திரும்பியது. பாரமெல்லாம் இடது சக்கரங்களின் மேல் சாய்ந்தது. அப்போது மேடு வந்தது.

டங்.

இடி முதுகெலும்பில் ஏறியது. சக்கரம் தரையை விட்டது. ஸ்டியரிங் திரும்பித்தான் இருந்தது, வண்டி திரும்பவில்லை. பக்கவாட்டில் போனது.

தடுப்புக் கல் ஒன்று அவன் முகத்துக்கு நேராக வந்து, தப்பிப் பின்னால் போனது. அவன் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அடுத்த கல் இருக்க வேண்டிய இடத்தில் கல் இல்லை.

அவள் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள். டயர் பிடித்தது. வண்டி நின்றது.

சரளைக்கற்கள் கீழே உருண்டன. அந்தச் சத்தம் அடங்க நேரமாயிற்று.

“நீ இதைவிட வேகமா வருவ” என்றாள்.

அவன் பெல்ட்டை இறுகப் பிடித்திருந்தான். ஆனால் புத்தி மாறவில்லை.

“துள்ளுச்சு, பார்த்தீங்கல்ல. அதான் இன்னும் இறக்கணுங்கிறேன்.”

“இறங்கு.”

கதவைத் திறந்தான். இடது காலை வெளியே விட்டான்.

தரை தட்டவில்லை.

இன்னும் கொஞ்சம் நீட்டினான். ஷூவுக்குக் கீழே மரங்களின் உச்சி தெரிந்தது.

“இறங்கு” என்றாள் மறுபடியும்.

“எங்கங்க இறங்குறது, டீச்சர்? இறங்க இடமே...”

சொன்னவன் பாதியில் நிறுத்தினான். சக்கரத்துக்கு மேல் விரல் நுழையாத அந்த மட்கார்டைப் பார்த்தான்.

அவள் எஞ்சினை அணைத்தாள்.