நேராக நின்ற நரி

முன்னொரு காலத்தில் தேனாற்று நாட்டை மணிமாறவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் தோளில் தூக்கி வைத்தவரை மாலையில் தூக்கி எறிந்துவிடுவார்.

அவர் சபையில் விருதராயர் என்றொரு பிரபு. ராஜா தம் கையால் வெற்றிலை மடித்துக் கொடுப்பது இவர் ஒருவருக்குத்தான். தம்முடைய படம் ஒருநாள் சபை மண்டபத்தில் தொங்க வேண்டும் என்பது இவருடைய தீராத ஆசை. அதற்குள் செங்கோடன் என்ற ஓவியர் வந்து ராஜாவையே வரைந்துவிட்டார்.

படத்தில் ராஜா உயிரோடு நிற்பதுபோல் இருந்தார். பின்னணியில் மட்டும் உருவம் எதுவும் இல்லை. நீலமும் காவியும் கறுப்பும் கலந்து திட்டுத் திட்டாகக் கிடந்தன. பூரித்துப்போன ராஜா, விருதராயருக்கென்று மடித்த வெற்றிலையைச் செங்கோடன் கையில் கொடுத்துவிட்டார்.

விருதராயருக்கு வயிறு பற்றி எரிந்தது. நேற்று வந்தவனுக்கு என் வெற்றிலையா? மறுநாள் படத்தின் முன் நின்று உச்சுக் கொட்டினார்.

"என்ன விருதராயரே?" என்றார் ராஜா.

"சொல்ல நாக்கூசுகிறது அரசே! தங்கள் தோளுக்குப் பின்னால் பாருங்கள். கிரீடம் வைத்த நரி! தங்களை நரி என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறான்."

ராஜா பார்த்தார். சொன்ன பிறகு தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. ராஜாவுக்குத் தெரிந்ததும் சபைக்கே தெரிந்தது.

"நாளை இவன் கட்டைவிரலை வெட்டுங்கள்!"

"மகாராஜா! தங்கள் முகத்தை விட்டு யார் கண்ணும் நகரக்கூடாதென்றுதான் பின்னால் எதுவும் வரையவில்லை. விரல் போனால் நான் எப்படிப் பிழைப்பேன்?" என்று செங்கோடன் கதறினார். யார் கேட்டார்கள்?

அமைச்சர் திருமலைக்கொழுந்து எழுந்தார். "எதற்காக வெட்டுகிறோம் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா அரசே? நாளை விருதராயரே எல்லோருக்கும் நரியைக் காட்டட்டும்."

மறுநாள் படத்தில் ராஜாவின் உருவத்தை மட்டும் பட்டுத்துணி மூடியிருந்தது. "நரியோடு சேர்த்துத் தங்களைப் பார்ப்பது மரியாதையல்லவே" என்றார் அமைச்சர்.

விருதராயர் உற்சாகமாகப் பிரம்பை நீட்டினார். "இதோ காது. இதோ மூக்கு. மேலே கிரீடம்!"

"ஆமாம், ஆமாம்" என்றது சபை.

"நேற்றைவிட இன்று நன்றாகத் தெரிகிறதே!" என்றார் ராஜா.

அமைச்சர் துணியை உருவினார். உள்ளே ராஜா கால் மேலே, தலை கீழே என்று தொங்கிக்கொண்டிருந்தார்!

"படத்தைத் தலைகீழாக மாட்டியது நான்தான், மன்னியுங்கள். நரி படத்தில் இருந்தால் அதுவும் தலைகீழாகத்தானே தொங்க வேண்டும்? தாங்களே தலைகீழாக நிற்கும்போது அது மட்டும் எப்படி நேராக நிற்கிறது? விருதராயர் வீட்டிலிருந்து வந்த நரி போலும்."

ராஜாவின் முகம் சிவந்தது. தாமும் தலையாட்டியது அவருக்கே வெட்கமாக இருந்தது. முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். செங்கோடனுக்குத் தம் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

"செங்கோடரே, விருதராயருக்கும் ஒரு படம் வரையும். இதே மண்டபத்தில் மாட்டுவோம். பின்னால் நரி இருக்கட்டும். யாரும் தேடாதபடி தெளிவாகப் போடும்!"

விருதராயரின் ஆசை நிறைவேறியது. படத்தைப் பார்த்தவர்களெல்லாம் நரியின் அழகைத்தான் புகழ்ந்தார்கள். அவர் மட்டும் கடைசிவரை சாதித்தாராம்: "நரியா? எங்கே? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே!"