மண்டபத்துக்கு மதிப்புப் போட்ட கதை

மருதங்கோட்டையை ஆண்ட வீரகேசரி ராஜா நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்குச் சரி. அப்படிப்பட்ட ராஜாவிடம் கடைசியாகப் பேசுவதையே பிழைப்பாக வைத்திருந்தார் மந்திரி அனந்தமூர்த்தி.

கோட்டைக்கு வெளியே, புறநகர் நந்தவனத்தில் பழைய பதினாறுகால் மண்டபம் ஒன்று இருந்தது. சந்தைக்குப் போகிறவர்கள் கூடையை இறக்கி வைத்து அங்கேதான் இளைப்பாறுவார்கள். காத்தாயி என்பவள் அங்கே கூழும் மோரும் விற்றுக்கொண்டிருந்தாள். நந்தவனத்துக்குப் பக்கத்தில் மந்திரி புது மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். போன வருடமே நந்தவனத்து மரங்களெல்லாம் அந்த மாளிகைக்குக் கதவும் உத்திரமும் ஆகிவிட்டன. இப்போது கல் வேண்டியிருந்தது. மண்டபத்தைப் பார்த்தார், அவர் கண்ணுக்கு அது மண்டபமாகத் தெரியவில்லை, கல்லாகத்தான் தெரிந்தது.

பழைய கட்டடம், யார் தலையிலாவது விழும் என்று ராஜாவின் காதில் ஓதினார். ராஜாவும் தலையாட்டினார். இருந்தாலும் பழையதை இடித்தால் பாவம் வருமோ என்று ஒரு பயம். படித்தவர்களை விட்டு அதற்கு மதிப்புண்டா என்று பார்த்துவிடலாம் என்றார். மந்திரிக்கு வேண்டிய ஏழு புலவர்கள் ஏகாம்பரப் புலவர் தலைமையில் கிளம்பிப் போய், மூன்று நாள் ஆராய்ந்துவிட்டு வந்து சபையில் ஓலை வாசித்தார்கள். மண்டபத்தில் கல்வெட்டு இல்லை, ஆகவே சரித்திரம் இல்லை. தூண்களில் சிற்பம் இல்லை, ஆகவே அழகு இல்லை. யாருக்கும் எள்ளளவும் பயன் இல்லை, ஆகவே இடிக்கலாம்.

அன்று மாலையே காத்தாயி, அரசவை விகடகவி சாத்தையாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மூணு நாளும் அந்த மண்டபத்துலதான் சாமி கெடந்தாங்க. எங்கிட்ட கூழு வாங்கிக் குடிச்சிட்டு, வெயில் சாயற வரைக்கும் காலை நீட்டித் தூங்கினாங்க. எந்திரிச்சுப் பயனில்லைன்னு எழுதிப்புட்டாங்க. இடிச்சுட்டா நான் பானையத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

சாத்தையாவுக்குக் கோபம் வந்தது. அவனுக்குக் கோபம் வந்தால் யாராவது அசடு வழியாமல் அது தணியாது.

மறுநாள் சபையில் எழுந்தான். "மகாராஜா, உங்கள் புலவர்கள் லஞ்சம் வாங்கிவிட்டார்கள்."

மந்திரியின் முகம் வெளுத்தது. அவர் கவலை அவருக்கு.

"யாரிடம் வாங்கினார்கள்?" என்றார் ராஜா.

"மண்டபத்திடம்."

"கல்லில் நார் உரிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கல்லிடம் லஞ்சம் வாங்கினார்களா?"

"நிழல் வாங்கியிருக்கிறார்கள், மகாராஜா. ஏழு பேரும் மூன்று நாள் வாங்கியிருக்கிறார்கள். வழக்குக்காரன் வீட்டில் கை நனைத்தவன் அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லலாமா? மறுபடி ஆராயட்டும். இந்தத் தடவை மண்டபத்திடம் எதையும் வாங்காமல் வெளியே நின்று ஆராயட்டும்."

லஞ்சப் பேச்சு தன் பக்கம் திரும்பவில்லையே, அதுவே புண்ணியம் என்று மந்திரி வாயைத் திறக்கவில்லை. ஆகக் கடைசியாகப் பேசியவன் சாத்தையா. ராஜா சரி என்றுவிட்டார்.

அது சித்திரை மாதம். உச்சிப்பொழுதில் ராஜா வெண்கொற்றக் குடையின் கீழ் உட்கார்ந்தார். புலவர்கள் மண்டபத்துக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். ராஜாவுக்கு முன்னால் செருப்புப் போடக்கூடாது. ஒதுங்கலாம் என்றால் மரங்கள் மந்திரி வீட்டில் கதவாக நின்றன.

கால் நாழிகையில் ஒரு புலவர், சிற்பமில்லாத தூணில் தனி அழகு இருப்பதைக் கண்டுபிடித்தார். அரை நாழிகையில் இன்னொருவர், பெயரைக்கூடப் பொறிக்காமல் போன அந்த மகானின் அடக்கத்தை நினைத்துக் கண்ணீர் விட்டார். வியர்வையாகவும் இருக்கலாம். மூன்றாமவர் தேவதச்சனே வந்து கட்டிய மண்டபம் என்றார். முக்கால் நாழிகையில் ஏகாம்பரப் புலவர் ஒற்றைக்காலில் மாறி மாறி நின்றுகொண்டு கையைக் கூப்பினார்.

"மகாராஜா, ஈரேழு பதினாலு உலகத்திலும் இதற்கு ஈடு கிடையாது. நாங்கள் உள்ளே போகலாமா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஏழு பேரும் உள்ளே ஓடினார்கள். காத்தாயி சிரிக்காமல் மோர் ஊற்றிக் கொடுத்தாள். மண்டபத்தில் ஒரு கல்லையும் யாரும் தொடக்கூடாது, நந்தவனத்தில் மந்திரி தன் கையாலேயே மரம் நட வேண்டும் என்று அங்கேயே உத்தரவாயிற்று. தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையாவின் கழுத்தில் போட்ட ராஜாவுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"லஞ்சம் வாங்கியதற்கு இவர்களுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?"

"வாங்கியதற்கெல்லாம் தண்டித்தால் சபையில் நீங்களும் சிங்காசனமும்தான் மிஞ்சுவீர்கள், மகாராஜா" என்றான் சாத்தையா. "வாங்கிக்கொண்டு, கொடுத்தவனுக்கே குழி பறித்தார்கள் பாருங்கள், அதை மட்டும் விசாரியுங்கள். அந்த அநியாயத்தை நம் மந்திரிகூடச் செய்ததில்லை."