செடியில் விட்ட புழுக்கள்

கோபிப் பக்கம் ஒரு கரட்டின், சிறு பாறைக் குன்றின், அடியில் நாச்சியம்மாள் என்ற துறவி இருந்தார். வயது நாற்பதைத் தாண்டவில்லை. அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

செங்கோடன் அப்படி ஒரு அண்ணன். பட்டுப்புழு வளர்ப்பவர். மல்பெரி இலை போட்டுப் பிள்ளை மாதிரி வளர்க்கிற புழு, கூடு கட்டி முடித்ததும், நூலெடுக்கக் கூட்டோடு வெந்நீருக்குப் போகும். காலமெல்லாம் இதைச் செய்தவருக்கு அறுபது வயதில்தான் நெஞ்சு உறுத்தியது. எப்போது உறுத்தினால் என்ன, உறுத்தியதே பெரிது. தீட்சை வேண்டும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார் நாச்சியம்மாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஈர வேட்டியோடு வந்து நின்றார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"எல்லாத்தையும் விட்டுட்டனுங்கம்மா."

"எதைங்கண்ணா?"

"புழுவைத்தானுங்க. கொட்டகையில இருந்த அத்தனையும் தோட்டத்துச் செடியில விட்டுட்டன். பூச்சியாகி அதும்பாட்டுக்குப் பறந்து பொழச்சுக்கட்டும்."

கோயிலுக்குக் காளையை நேர்ந்து விடுவது போல, குளித்துக் கும்பிட்டு, முந்தின நாள் மாலையே தட்டுத் தட்டாகச் சுமந்துபோய் விட்டிருக்கிறார். விட்டபின் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் மறுபடியும் பாசம் வந்துவிடுமாம்.

நாச்சியம்மாள் எழுந்தார். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார்.

தோட்டத்துக்குள் நுழையும் முன்பே மைனாக்களின் கும்மாளம் கேட்டது. பச்சை இலைமேல் வெள்ளைப் புழு. மைனாவுக்குத் தேடுகிற வேலையே இல்லை. தப்பியவை விட்ட இடத்திலேயே இருந்தன. கால் பதிந்த இலையைத் தின்று தீர்த்துவிட்டு, அடுத்த இலைக்கு நகராமல், தலையைத் தூக்கிக் காத்துக்கொண்டிருந்தன. காற்றில் விழுந்தவற்றை எறும்பு மொய்த்தது.

செங்கோடன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையைச் சந்தையில் தொலைத்தவர் போல அழுதார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"இலை சாண் தூரத்துலதானுங்களே இருக்குது. ஏன் போகலை?"

"கொட்டகையில என்னைக்காவது இலையைத் தேடிப் போயிருக்குதுங்களா?"

"இல்லீங்க. நாமதான் மேல போடுவோம்."

"பூச்சி பறந்து பாத்திருக்கீங்களா?"

செங்கோடன் யோசித்தார். தவறிக் கிடந்த கூடுகளிலிருந்து வெளியே வந்த பூச்சிகளை அவர் பார்த்திருக்கிறார். றெக்கை படபடக்கும், கிடந்த இடத்திலேயே சுற்றும். கொட்டகைக்குள் இருப்பதால்தான் பறக்கவில்லை என்று இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

நாச்சியம்மாள் செடியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு குச்சியைத் தொட்டார். குச்சி நெளிந்தது. அது காட்டுப் புழு.

"இதை இப்படி ஆக்குனது மைனாங்க. கண்ணுல பட்டதையெல்லாம் தின்னுச்சு. குச்சின்னு நெனச்சு மைனா விட்டது மிஞ்சி, பூச்சியாகி முட்டை வெச்சுது. உங்க புழுவை ஆக்குனது மனுசக் கை. ஓடுனதைக் கழிச்சுது. உக்காந்த எடத்துல நெறைய நூல் கட்டுனதை வெதைக்கு வெச்சுது. ஆயிரக்கணக்கான வருசமா."

"நான் அப்படி ஒண்ணும் செய்யலீங்களே."

"நீங்க செய்யலீங்கண்ணா. உங்களுக்கு முன்னால எத்தனையோ கை. கடைசியா உங்க கைக்கு வந்திருக்குது."

நாச்சியம்மாள் முந்தானையை ஏந்திக்கொண்டு, மிச்சமிருந்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். செங்கோடனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, துண்டை விரித்து எடுத்தார். வெயில் ஏறும்வரை இருவரும் குனிந்த தலை நிமிரவில்லை.

கடைசிச் செடிக்கு வந்தபோது செங்கோடன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இந்தத் தடவை கூட்டை விக்க மாட்டனுங்கம்மா. பூச்சி வரட்டும். ஆனா அது முட்டை வெக்கும், முட்டை பொரிக்கும். அதுகளையும் நாந்தான பாக்கோணும்? அப்புறம் நான் எப்பத்தான் விடுபடறது? எனக்குத் தீட்சை எப்பங்க?"

"கையை நீட்டுங்க."

திருநீறு தரப்போகிறார் என்று செங்கோடன் தலை குனிந்து இரண்டு கையையும் ஏந்தினார். நாச்சியம்மாள் மண்ணில் கிடந்த ஒரு புழுவை எடுத்து, அதன்மேல் ஒட்டியிருந்த எறும்புகளை மெல்ல ஊதிவிட்டு, அந்தக் கைகளில் வைத்தார்.

"குடுத்தாச்சுங்கண்ணா. சீக்கிரம் போய் இலை பறிங்க, பசியில கெடக்குது."